தாய்மாமன் சீராக வந்த பென்ஷன்

தம்பி,

இன்று காலையில் குளிக்கப் போனால் சோப்பு இல்லை. பீரோவின் அடித்தட்டைத் துழாவியபோது உன் லாட்ஜ் சோப்பு ஒன்று கைக்கு அகப்பட்டது. திருப்பதி லாட்ஜ் வேலையிலிருந்து வரும்போதெல்லாம் பையில் போட்டுக் கொண்டுவருவாயே, விரல் நீளம்கூட இல்லாத அந்தச் சின்னச் சோப்பு. "ஊர்ல எல்லார் தம்பியும் லட்டு எத்தினு வரான், என் தம்பி சோப்பு எத்தினு வரான்" என்று நான் கேலி செய்வேன். உறையைக் கிழித்ததும் அந்த மட்டமான எலுமிச்சை வாசனை வந்தது. அதற்கப்புறம் எங்கே குளிப்பது? வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஒரு நாள் சம்பளம் போச்சு. அதற்கும் சேர்த்து உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் மாறவில்லை. வரதய்யபாளையத்துப் பக்கம் அதே வீடு, அதே மாமியார் அத்தை. விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு பஸ் ஏறினால், இருட்டிய பிறகு இறங்குகிறேன். கம்பெனியில் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை. சாயங்காலம் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. ஓவர்டைம் என்றால் மற்றவர்களுக்கு முன்னால் கை தூக்குகிறேன். ஏன் தூக்குகிறேன் என்பதுதான் இந்தக் கடிதம் முழுவதும்.

என் பாப்பாவுக்குக் காது குத்திய நாளை இன்று நினைத்தாலும் எனக்கு முகம் சுருங்குகிறது. திருமலையில் மொட்டை போட்டுக் கீழே இறங்கியதும், உன் ஓனரிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்த லாட்ஜ் மேல்மாடி ஹாலில் எல்லாரும் கூடினோம். நம் அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என் பிறந்த வீடு என்றால் நீ ஒருவன்தான். என் மாமியார் வீட்டு ஜனம் மொத்தமும் உன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. தேங்காய், வாழைப்பழம், பூ, எனக்குப் புடவை, பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை எல்லாம் சரி. நடுவில் தங்கத் தோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காகிதம். அதற்கு லேமினேஷன் வேறு!

"இது இன்னா?" என்றார் அத்தை.

"பென்ஷன் கணக்கு அத்தை. பாப்பா பேர்ல. இப்ப இருந்து மாசாமாசம் போட்டுக்கினே வந்தா, அறுபது வயசுல அதுக்கு மாசாமாசம் பணம் வரும்" என்று நீ பல்லெல்லாம் தெரியச் சொன்னாய்.

"மொட்டை போட்டு இன்னும் சந்தனம் கூடக் காயல. அதுக்குள்ள எம் பேத்திய கெழவி ஆக்கிட்டியா?"

ஹாலே சிரித்தது. நீயும் சேர்ந்து சிரித்தாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். கடைசியில் அத்தைதான் தன் கைப்பையிலிருந்து ஒரு ஜோடித் தோட்டை எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அதைச் சொல்லிக் காட்டாத வாரமே கிடையாது.

இதில் பெரிய கூத்து, எனக்கே தெரியாமல் அந்தக் கணக்கைத் திறந்தவளே நான்தான். கணக்கை அப்பாவோ அம்மாவோதான் திறக்க முடியும், தாய்மாமன் காசு போடலாம், கையெழுத்துப் போட முடியாது என்று பிறகு சொன்னாய். காதுகுத்துக்கு முந்தின வாரம் என் ஆதாரையும் பாப்பாவின் பிறப்புச் சான்றிதழையும் போட்டோ பிடித்துக்கொண்டு போனாய். மறுநாள் பஸ் ஏறும் நேரத்தில் போன் செய்து "அக்கா, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லு" என்றாய். திருமலை தரிசன டிக்கெட்டுக்கு என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். திருப்பதியில் தம்பி இருக்கிறவள் வேறு எதற்கென்று நினைப்பாள்?

அன்று எல்லாரும் போன பிறகு மாடிப்படியில் வைத்து உன்னைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு கிராம்ல வாங்கினாக் கூட என் மானம் தப்பிச்சிருக்குமேடா." அப்போதுதான் நீ உன் லாட்ஜில் தங்க வந்த ஒரு மூதாட்டியின் கதையைச் சொன்னாய். மகனும் மருமகளும் ரூமைக் காலி செய்யும்போது அவளை ரிசப்ஷன் பெஞ்சில் உட்கார வைத்து, "கார் எத்தினு வரோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். எழுதிக் கொடுத்த போன் நம்பரும் பொய். அவள் மடியில் பையை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் "எம் புள்ள வரட்டும், சேர்ந்து துன்றோம்" என்றாளாம். மறுநாள் நீயும் கூட வேலை செய்கிற பையன்களும் அவளை ஒரு ஹோமில் கொண்டுபோய் விட்டீர்கள்.

"அவ கையில காசு இருந்திருந்தா உட்டுட்டுப் போயிருப்பானா அக்கா?"

"இருந்தா அதையும் புடுங்கிக்கினு உட்டுட்டுப் போயிருப்பான்" என்றேன் நான். கோபத்தில் வந்த வார்த்தை.

"அதான் அக்கா! வயசாகிற வரைக்கும் எவனும் கைவைக்க முடியாதபடி போடணும். தோடுன்னா நாளைக்கு உன் வீட்டுக்காரரே அடகு வைப்பாரு."

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் போர் போட்டுத் தண்ணீர் வராமல் போன வருஷம் என் சங்கிலியை அடகு வைத்தவரும் அவர்தான், அது இன்னும் கடையில்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்டுக்கொள், அந்தக் காகிதத்தோடு ஒரு பொட்டுத் தங்கமும் வைத்திருக்கலாம். இன்றும் அதைத்தான் சொல்வேன். நீ போய்விட்டாய் என்பதற்காக நான் சண்டையை விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

அதற்கப்புறம் உனக்குச் சம்பளம் வந்த மறுநாளெல்லாம் என் போனில் ஒரு மெசேஜ் வரும், பாப்பா கணக்கில் பணம் ஏறியது என்று. கம்பெனி லைனில் நிற்கும்போது போனைத் தொடக்கூடாது, இடைவேளையில் பார்ப்பேன். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒன்றும் சொல்லாத மெசேஜ். ஆனாலும் தம்பி நன்றாக இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அடுத்த மாதம் அந்தத் தேதியில் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. உன்னை எரித்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை, கம்பெனி பாத்ரூமில் நின்று அன்றுதான் அழுதேன்.

பேங்கில் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தெலுங்கில் சொன்னாள், "கட்டகபோதே ஆகிபோதுந்தம்மா" என்று. கட்டாவிட்டால் நின்றுபோகும். நீ நின்றுபோனாய், இதுவும் நின்றுபோகட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அவ்வளவு அசதியடா எனக்கு.

வீட்டிலோ அத்தை வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தார். டவுனில் நகைக்கடைச் சீட்டு கட்டினால் பாப்பா பெரியவளாவதற்குள் ஒரு நெக்லஸ் சேர்ந்துவிடும். "மாமனும் இல்லாத பொண்ணு. நாளைக்குச் சபையில வெறுங்கழுத்தோட நிக்கணுமா?" என்றார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. என் ஓவர்டைம் காசு ஒன்றுக்குத்தான் வரும். சீட்டா, உன் கணக்கா என்று நான் முடிவு சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

இந்த மாதம் ஒன்றாம் தேதி எனக்கு வார லீவு. சச்சிவாலயம் என்கிற ஊர் அரசாங்க ஆபீஸிலிருந்து ஒரு பெண் வீடு வீடாக முதியோர் பென்ஷன் கொடுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டில் கொடுத்தாள், எதிர்வீட்டில் கொடுத்தாள், எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டாள். அத்தையின் ஆதார் கார்டில் யாரோ வயதைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள். அதைத் திருத்த அலைந்து அலைந்து அத்தைக்குக் கால்தான் தேய்ந்தது. அவர் வாசலில் நின்று அந்தப் பெண் தெருமுனை திரும்பும்வரை பார்த்தார். பிறகு உள்ளே வந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஏம்மா, உன் தம்பி ஒண்ணு போட்டானே பாப்பாவுக்கு. அது மாதிரி எனக்கு ஒண்ணு போட முடியாதா?"

"அது கொழந்தைங்களுக்கு அத்தை."

ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்தார். "நானும் கொழந்தையாத்தான் இருந்தேன். எங்க மாமனும் என்னை மடியில வச்சித்தான் காது குத்தினான். தங்கத்துல தோடு போட்டான், ஊரே பார்த்தது. அத வித்துத் துன்னு எத்தினி வருசம் ஆச்சு" என்றார். சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டார்.

நீ ஜெயித்துவிட்டாய் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அவர் எழுந்துபோகும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு போனார், நான் பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோலவே. அன்று சாயங்காலமே போனில் பாப்பா கணக்குக்குப் பணத்தைப் போட்டேன். மறுநாள் காலையில் அத்தை வழக்கம்போலத் தோட்டுப் பேச்சை எடுத்தார். ஆனால் நகைச்சீட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

பாப்பாவுக்கு உன் முகம் மறந்துகொண்டு வருகிறது. போட்டோவைக் காட்டினால் "மாமா" என்கிறாள், சொல்லிக்கொடுத்ததால் சொல்கிறாள். அவள் தலை நரைத்து அந்தப் பணம் கைக்கு வரும் நாளில் நான் இருக்கப் போவதில்லை. யாரோ ஒரு கிழவி, யாரையும் கேட்காமல் தன் காசில் மாத்திரை வாங்குவாள், தன் காசில் பஸ் ஏறித் தன் இஷ்டத்துக்கு எங்கேயோ போவாள். அவளை நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கப் போவதில்லை. அவளுக்காகத்தான் நாளைக்கும் விடியுமுன் எழுந்திருக்க வேண்டும், தம்பி.

உன் அக்கா