மோதிர விரலுக்கு ஒரு கீபோர்டு

கூடத்தில் தெர்மோகோல் வாசனை இன்னும் போகவில்லை. அது வந்தால், நண்பரே, நீரும் வந்திருப்பதாகத்தான் எனக்குத் தோன்றும். எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பெட்டியும் நீர் இல்லாமல் பிரிக்கப்பட்டதில்லை. இந்தமுறை நானே போய் வாங்கி, நானே பிரித்தேன்.

சாலைக் கடைத்தெருவில் மிக்ஸி வாங்கப் போனது நினைவிருக்கிறதா? ஆபீஸ் முடிந்து நேரே போனோம். நான் ஒவ்வொரு மிக்ஸியின் விவரச் சீட்டையும் இரண்டு பக்கமும் படித்துக்கொண்டிருந்தேன். நீர் வாசலில் நின்று சாயா குடித்தீர்.

"ஓய், மிக்ஸிதானே வாங்குதோம், பொண்ணா பாக்கோம்?" என்றீர். கடைக்காரர்கூடச் சிரித்தார். பிறகு உள்ளே வந்து, "ஆருக்கு வே வாங்குதோம்? அதச் சொல்லும் முதல்ல" என்று கேட்டீர். வீட்டில் கோமதிக்குத்தான் என்றேன். "தங்கச்சிக்குச் சின்னக் கை. பெரிய ஜாரத் தூக்க முடியாது. இத எடும்." அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

நீர் கண்ணை மூடியபிறகு கோமதிக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. வலதுகை முழுவதும் திரும்பவில்லை; மோதிர விரல்தான் மிகவும் மோசம். கைக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் மூலையில் ஒரு பழைய கீபோர்டு கிடந்தது. ஒருநாள் அதன்முன் உட்கார்ந்தவள் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். எந்த வாத்தியத்தையும் தொட்டிராதவள், பியானோ படிக்கப் போகிறாளாம்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் கழக்கூட்டத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லித்தர ஒப்புக்கொண்டாள். "பக்ஷே அங்கிள், வீட்ல டெய்லி ப்ராக்டிஸ் வேணும். ஒரு கீபோர்டு வாங்கிடுங்க. வெல கூடினது ஒண்ணும் வேண்டா, கேட்டோ" என்றாள் பாதி மலையாளத்தில்.

கிழக்கேகோட்டைக் கடையில், "ஆர்க்கா சாரே, பேரக்குட்டிக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். வீட்டுக்காரிக்கு என்றேன். சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பியானோவைப்போலக் கனமான கட்டைகள் உள்ளது ஒன்று இருந்தது. அது அவள் விரலுக்கும் ஆகாது, என் பென்ஷனுக்கும் ஆகாது. இருப்பதிலேயே மலிவானதில் எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம். விளையாட்டுச் சாமான் மாதிரி. நடுவில் ஒன்று: கட்டைகள் லேசு, மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் ஓங்கி அழுத்தினால் உரக்கவும் ஒலிக்கும். புதிதாகப் படிப்பவர்களுக்கு அது அவசியம் என்று மாடிப்பெண்ணும் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்து அதையே வாங்கினேன். என் விரலால் அழுத்திப் பார்த்தேன்.

வீட்டில் கோமதி முதலில் இடதுகையை வைத்தாள். நன்றாகக் கேட்டது. பிறகு வலதுகை. கட்டைவிரல் ஒலித்தது, நடுவிரல் முனகியது. மோதிர விரல் கட்டையை அடிவரை இறக்கியது, சத்தமே வரவில்லை. அவள் வயரைப் பார்த்தாள்.

"கரண்டு இருக்கா?"

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கையேட்டைப் புரட்டினேன். அந்தச் சத்த ஏற்ற இறக்கத்தை அணைத்து வைக்க ஒரு பொத்தான் இருப்பது தெரிந்தது. அணைத்தேன். மறுபடி அழுத்தினாள். கணீரென்று கேட்டது.

"பாத்தியளா, வந்துட்டு!" உடனே பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். நான் கையேட்டை மூடிப் பெட்டிக்குள் வைத்தேன்.

நேற்று இரண்டு கையாலும் மாறி மாறி அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டும் ஒரே சத்தமால்லா இருக்கு. என் கை அப்பிடி இல்லியே" என்றாள். நான் கண்ணாடியைத் துடைத்தேன். "நீங்க என்னமோ பண்ணியிருக்கிய. பழையபடி வையுங்க. கேக்காட்டா கேக்காண்டாம்."

இப்போது மத்தியானம், தூங்குகிறாள். நான் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பழையபடி வைத்தால் அந்த விரல் ஊமையாகிவிடும். அது என்றைக்காவது பேசுமா என்று டாக்டரும் சொல்வதில்லை. வைக்காவிட்டால் இனி எந்தச் சத்தத்தையும் அவள் நம்பமாட்டாள். நீர் இருந்தால் ஒரு வாய் சாயாவில் முடிவு சொல்லியிருப்பீர் என்று நினைத்தேன். அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. எது நல்ல மிக்ஸி என்று உமக்கு மட்டும் தெரிந்திருக்குமா? ஆனால் எனக்குத் தனியாக நிற்க வராது என்பது உமக்குத் தெரியும். நான் விவரச் சீட்டைப் படித்து முடிக்கும்வரை ஒருநாளும் நீர் கிளம்பிப் போனதில்லை.

பொத்தானை அழுத்திப் பழையபடி வைத்துவிட்டேன். சரிதானா, தெரியாது. எழுந்து வருவாள். மோதிர விரலை இறக்குவாள். "கேட்டுதா?" என்பாள். அவளை அவசரப்படுத்தாமல் கூடவே இருக்கலாம். உம்மிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அது ஒன்றுதான். அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறேன்.