பாதை வாயில் ஒரு கம்பம்

செப்டம்பர் 9, திங்கள்

தெற்குக் காற்று, தென்துருவத்துக் குளிரை அப்படியே கொண்டுவருகிறது. மருந்துக்கடைக்கு வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் காது இரண்டும் மரத்துவிட்டன. இருந்தாலும் இன்று எனக்குத் திருநாள்தான். கின்மாண்ட் தெரு சைக்கிள் பாதையின் வாயில், நட்டநடுவே, நான் கேட்ட கம்பத்தை நகரசபை நட்டுவிட்டது. இத்தனை நாளாகப் பக்கத்துக் கறிக்கடைக்கு வருகிறவர்கள் பிக்கப் வண்டியைப் பாதைக்குள் நுழைத்து நிறுத்தினார்களே, இனி நுழையட்டும் பார்ப்போம்!

25ஆம் தேதி நகரசபையில் ஓட்டு. பாதை இருக்கலாமா, பெயர்த்து எடுப்பதா என்று அன்று தெரியும். போன வருடம் முழுக்க இதற்காக நாயாய் அலைந்திருக்கிறேன். யாருக்காக? கேலமுக்காக. பக்கவாதம் வந்த பிறகு என் தம்பி கார் ஓட்டக்கூடாது. இடது பக்கம் இன்னும் வலுவில்லை. மூன்று சக்கர சைக்கிள்தான் அவனுக்குக் கால். அந்தப் பாதை இல்லாவிட்டால் பால் லாரிகளுக்கு நடுவே போக வேண்டும்.

அவன் எங்கே கிளம்பினாலும் கிளம்பும்போது ஒன்று, போய்ச் சேர்ந்ததும் ஒன்று எனக்குச் செய்தி அனுப்ப வேண்டும், அது என் கட்டளை. கம்பத்தைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். பதில்: “சைக்கிள் மேயரம்மாவுக்கு வணக்கம். உயிரோட இருக்கேன்.”

கம்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திமிர்!

செப்டம்பர் 12, வியாழன்

கேலமின் முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. “குளியலறைல வழுக்கிடுச்சு, விடு” என்கிறான். விடுவேனா? ரப்பர் விரிப்பு வாங்கிக் கொண்டுபோய் நானே போட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

கம்பத்தைக் காணோம்!

எங்கள் சைக்கிள் சங்கத் தலைவி கிளெனிஸ், ரிட்டயரான விளையாட்டு டீச்சர், காலையிலேயே போனில் கத்தினார். “வேற யாரு? அந்தக் கறிக்கடை லிண்ட்ஸேதான். பிடுங்கி எறிஞ்சிருக்கான்!” கடையைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார். நானும் லைக் போட்டேன்.

நகரசபை நாளைக்கே வேறு கம்பம் நடுகிறதாம்.

செப்டம்பர் 19, வியாழன்

புதுக் கம்பமும் போய்விட்டது. இந்தத் தடவை நேரில் போய்ப் பார்த்தேன்.

யாரும் பிடுங்கவில்லை. கழற்றியிருக்கிறார்கள். ஒரு போல்ட் மட்டும் சாக்கடை ஓரத்தில் கிடந்தது, நட்டும் வாஷரும் அதிலேயே திரும்ப மாட்டி, விரலால் இறுக்கி.

டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவரைக்கும் கேலம் எதைக் கழற்றினாலும் இப்படித்தான் மாட்டி வைப்பான். அம்மாவின் தையல் மெஷினைப் பிரித்த வயதிலிருந்தே.

சே, என்ன நினைப்பு இது. எந்த மெக்கானிக்கும் அப்படிச் செய்வான்.

செப்டம்பர் 20, வெள்ளி

லிண்ட்ஸே இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

“நான்தான் பண்ணேன்னு நீயும் நம்பறியா, ஷோனா?”

மருந்துச் சீட்டை இரண்டாம் தடவை படித்தேன்.

“உங்க பாதை எனக்குப் பிடிக்கலை. அதை நகரசபைல நேரா நின்னு சொல்லுவேன், பேர் குடுத்திருக்கேன். திருட்டுத்தனமா கம்பம் கழட்டற ஆளில்ல நான். என் பொண்ணை ஸ்கூல்ல ‘கம்பத் திருடி’ங்கறாங்க. அழுதுக்கிட்டே வர்றா.”

மாத்திரை கண்ணெதிரே இருந்தது. அலமாரியில் தேடுவது போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 21, சனி

கேலமின் கொட்டகையில் இரண்டு கம்பமும் நிற்கின்றன. ஒளித்துக்கூட வைக்கவில்லை.

“ஏன்டா என்கிட்ட சொல்லலை?”

“எப்ப சொல்றது? நீ அதைப் போட்டோ பிடிச்சு எனக்கே அனுப்பறே.”

“உனக்காகத்தானேடா இவ்வளவும்—”

“எனக்காக, எனக்காகங்கறியே, ஒரு தடவை என்னைக் கேட்டியா? என் வண்டி பின்னாடி எவ்ளோ அகலம்னு தெரியுமா உனக்கு?”

தெரியாது. என் சைக்கிளை நிறுத்திப் பார்த்துத்தான் நகரசபை என்ஜினியருக்கு இடம் காட்டினேன். என் சைக்கிளுக்கு இரண்டு சக்கரம்.

முழங்கைச் சிராய்ப்பு குளியலறையில் பட்டது இல்லையாம். பின்சக்கரம் கம்பத்தில் இடித்து, ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறான். பால் லாரி பிரேக் போட்டு நின்றதாம். ஐயோ, நான் ரப்பர் விரிப்பு வாங்கிக் கொடுத்தேனே! என்னை என்ன செய்தால் தகும்?

செப்டம்பர் 23, திங்கள்

கிளெனிஸிடம் சொன்னேன். அவர் சொன்னது: “புதன்கிழமை ஓட்டு முடியற வரைக்கும் வாயைத் திறக்காதே. நம்ம ஆளே கழட்டினான்னு தெரிஞ்சா பாதை போச்சு. கறிக்கடைக்காரன் ரெண்டு நாள் திட்டு வாங்கினா செத்துடமாட்டான்.”

பாதை போனால் கேலம் வீட்டோடு கிடப்பான். பாதை இருக்கட்டும் என்று சும்மா இருந்தால் அந்தப் பெண் அழுதுகொண்டே ஸ்கூல் போவாள். நான் என்னத்தைச் செய்ய?

செப்டம்பர் 24, செவ்வாய்

எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் ஒரு பக்கம் தேறியது. தப்பெல்லாம் என்னுடையது என்றுதான் படிக்கப்போகிறேன்.

செப்டம்பர் 25, புதன்

படிக்கவில்லை. வாசலிலேயே கேலம் காகிதத்தை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். “என் பேச்சை நீ பேசாதே.”

அவனுக்கு நாக்கு குழறும். வார்த்தையைத் தேடித் தேடித்தான் எடுப்பான். ஆளுக்கு மூன்று நிமிடம். “கம்பத்தைக் கழட்டினது... நான். லிண்ட்ஸே இல்ல. எனக்கு அந்தப் பாதை... வேணும். ஆனா உள்ள—”

மணி அடித்துவிட்டது. சபைத் தலைவர், “மன்னிக்கணும், நேரம் முடிஞ்சது” என்றார். கிளெனிஸ் என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும்.

பின்வரிசையில் லிண்ட்ஸே எழுந்தார். “அடுத்தது என் முறை. என் நேரத்தை அவனுக்கே குடுங்க.”

தன் மேல் விழுந்த பழி போகத்தான் கொடுத்தார் என்று கிளெனிஸ் சொல்வார். சொல்லட்டும். கேலம் முழுசாகப் பேசினான். பின்பக்க அகலம், பால் லாரி, எல்லாம். கடைசியில், “போல்ட் ஒண்ணுதான் தொலைஞ்சது. மத்தது... பத்திரமா இருக்கு” என்றான். சபையே சிரித்தது. ஓட்டெடுப்பை ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 26, வியாழன்

கிளெனிஸிடமிருந்து ஒரே வரி: “கழுத்தறுத்துட்டே.”

நவம்பர் 9, சனி

தள்ளிப்போன ஓட்டில் பாதைக்கு அடுத்த குளிர்காலம் வரை ஆயுள் கிடைத்தது. வாயில் இப்போது கம்பம் இல்லை. என்ஜினியர் கேலமை வண்டியோடு வரச்சொல்லி, அவனை ஓட்டவைத்துப் பார்த்துத்தான் பிக்கப் நுழையாதபடி ஓரக்கல் பதித்தார். கிளெனிஸ் இன்னும் என்னோடு பேசுவதில்லை. “எங்கள் பார்க்கிங்கைத் திருப்பிக் கொடு” அட்டை இன்னும் லிண்ட்ஸே கடைக் கண்ணாடியில் தொங்குகிறது.

மத்தியானம் கேலம் வீட்டுக்குப் போனேன். ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. எனக்குச் செய்தியும் இல்லை. போனைக் கையில் எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்து, மறுபடி வைத்தேன்.

காற்றில் மூக்கு சிவந்து வந்து சேர்ந்தான், கூடையில் சாசேஜோடு. “லிண்ட்ஸே கடை. பாதையைத் திட்டிக்கிட்டே... குடுத்தார்.”

எங்கடா போனே, ஏன் சொல்லவில்லை என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு வெங்காயத்தையும் கத்தியையும் எடுத்தேன்.

“எப்படி நறுக்கட்டும்? பொடியாவா?”

“வளையமா,” என்றான். “எனக்கு எப்பவுமே... வளையமாத்தான் பிடிக்கும்.”

இத்தனை வருடமும் நான் பொடியாகத்தான் நறுக்கிப் போட்டிருக்கிறேன்.