ஐம்பத்து நாலரை சென்டிமீட்டர் மூச்சு

ஜூன் 3

இந்த நோட்டை ஆஸ்பத்திரி மூச்சுப் பயிற்சியம்மா கொடுத்தார். தினமும் எத்தனை தடவை பயிற்சி செய்தேன் என்று எழுத வேண்டுமாம். கூடவே மூன்று உருண்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. குழாயில் வாய் வைத்து உறிஞ்சினால் உருண்டைகள் மேலே போக வேண்டும். காலையில் ஒன்று போனது. மற்ற இரண்டும் அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

இருபத்து நாலு வருஷம் பஸ் ஓட்டியவன். நிற்க இடமில்லாத கூட்டத்தோடு மேட்டில் வண்டியை ஏற்றியவன். ஒரு பிளாஸ்டிக் உருண்டையைத் தூக்க முடியாமல் வியர்த்துக் கொட்டுகிறது. அவமானமாக இருக்கிறது. வேறென்ன எழுத.

ஜூன் 4

பயிற்சி: பொய் எழுத மனசில்லை. செய்யவில்லை.

ஜூன் 9

டிப்போ டாக்டரைப் பார்த்தேன். மிஷினில் ஊதச் சொன்னார். நுரையீரல் பலம் ஐம்பத்திரண்டு சதவீதம். எழுபது வந்தால் ஸ்டியரிங். வராவிட்டால் டைம் கீப்பர் அறையில் நாற்காலி. அடுத்தவன் ஓட்டி வரும் பஸ் எத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தது என்று எழுதும் வேலை. ஆகஸ்ட் 22 வரை தவணை. "நிமோனியாவுக்குத் தப்பிச்சதே பெரிய விஷயம்" என்றார். சரி, தப்பித்தவன் வண்டி ஓட்டக் கூடாதா?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "நாற்காலின்னா நல்லதுதானே, உக்காந்த வேலை" என்றாள். பஸ்ஸை மட்டும் நின்றுகொண்டா ஓட்டினேன்? வாசலில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்தாள். "சரி, ஸ்டியரிங்தான். மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க."

ஜூன் 14

விசில் வந்தான். பதினோரு வருஷமாக என் கண்டக்டர். டிப்போவில் அவன் சொந்தப் பெயரே யாருக்கும் ஞாபகமில்லை. போனில் ஒன்றைக் காட்டினான். ஜப்பான்காரர் ஒருவர் தடித்த மூங்கில் குழலை நேராகப் பிடித்துக்கொண்டு மேல்முனையில் ஊதுகிறார். ஷாகுஹாச்சியாம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பாதி மூச்சு போய்விட்டது.

"உருண்டைதானே உங்களுக்குப் பிடிக்கல? இத ஊதுங்கண்ணே. தண்ணிக் குழாய்லயே வீட்ல செய்றாங்க."

பயிற்சியம்மாவிடம் போனில் கேட்டேன். "தாராளமா ஊதுங்க, தலை சுத்தினா நிறுத்திடுங்க. அதுக்காக உருண்டைய விடக் கூடாது" என்றார். உருண்டை விஷயத்தில் அவர் அசைவதாக இல்லை.

ஜூன் 16

குளியலறை வேலையில் மிச்சமான குழாய் பரணில் கிடந்தது. நீளம் ஐம்பத்து நாலரை சென்டிமீட்டர். முன்னால் நாலு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. மேல்முனையில் வெளிப்பக்கத்தைச் சாய்வாக ராவி ஓர் ஓரம் எடுக்க வேண்டும். மூச்சு அந்த ஓரத்தில் போய் வெட்டுப்பட்டால்தான் சத்தம்.

முகமூடி போடாமல் அரத்தைத் தொட விடமாட்டேன் என்றாள். மரச்சாமான் பட்டறையில் பாலீஷ் போடுகிறவள், தூசியைப் பற்றி அவளிடம் வாயைக் கொடுக்க முடியாது. "நுரையீரலுக்கு மருந்து செய்றேன்னு நுரையீரலக் கெடுத்துக்காதீங்க." அதனால் அறுப்பது, ராவுவது எல்லாம் வாசலில், முகமூடியோடு. போகிறவன் வருகிறவன் எல்லாம் குழாய் ரிப்பேர் செய்வீர்களா என்று கேட்டுவிட்டுப் போனான்.

கடைசியில் பின்னால் போட வேண்டிய துளையையும் முன்னாலேயே போட்டுத் தொலைத்தேன். முதல் குழல் குப்பைக்கு.

ஜூன் 17

இரண்டாவது சரியாக வந்தது. ஊதினேன். உஸ்ஸ்.

ஜூன் 18

உஸ்ஸ்.

ஜூன் 21

அதே. அடுப்படியிலிருந்து, "என்ன, பஞ்சரா?" என்று ஒரு குரல்.

ஜூன் 26

வந்தது.

ஒரு நொடிதான். அடிவயிற்றிலிருந்து கனமாக ஒரு சத்தம். நான் ஊதியதா என்று எனக்கே சந்தேகம். அவள் ஈரக் கையோடு ஓடி வந்து நின்றாள். "இன்னொரு தடவ." வரவில்லை. "பரவால்ல, நான் கேட்டேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதிக்கொள்ளலாம், இதை யார் படிக்கப் போகிறார்கள்.

ஜூலை 8

ஒரே மூச்சில் பன்னிரண்டு எண்ணும்வரை சத்தம் நீடித்தது. எண்ணியது அவள். உருண்டை இரண்டு.

ஜூலை 19

பதினெட்டு. உருண்டை மூன்றும் மேலே. மாடிப்படியை நிற்காமல் ஏறினேன், அதுவும் தண்ணீர்க் குடத்தோடு. அதற்குத் திட்டு வாங்கியது தனிக் கதை.

குழலின் ஓரம் பட்டுக் கீழுதடு கீறிவிட்டது. மருந்து வைத்தபடி அந்த முனையைத் தடவிப் பார்த்தாள். "இதென்ன குழலா, கத்தியா?" எந்த ஓரமும் கையை உறுத்தக் கூடாது அவளுக்கு. இந்த வீட்டில் அவள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காத சாமான் நான் ஒருத்தன்தான்.

ஆகஸ்ட் 3

மழையில் நனைந்து சளி பிடித்துவிட்டது. ஒரு வாரம் குழலைத் தொடக் கூடாது என்று பயிற்சியம்மா உத்தரவு. "சும்மாதானே கிடக்கு, பட்டறைக்கு எடுத்துட்டுப் போறேன். பாக்க ஆஸ்பத்திரிக் குழாய் மாதிரி இருக்கு" என்று எடுத்துப் போனாள்.

ஆகஸ்ட் 8

குழல் வந்தது. அசந்துவிட்டேன். நூலைச் சுற்றி, மேலே பட்டி பூசி, மூங்கில் மாதிரி கணு கணுவாக எழுப்பியிருக்கிறாள். வெளிர் மஞ்சள், கணுவுக்குக் கணு பழுப்பு. மேலே மூன்று கை வார்னிஷ். தட்டிப் பார்த்தால்தான் தண்ணிக் குழாய் என்று தெரியும். வாசனை போக இன்னும் இரண்டு நாள் காய வேண்டுமாம்.

ஆகஸ்ட் 10

உஸ்ஸ்.

அரை மணி நேரம் ஊதினேன். ஒன்றுமில்லை. டப்பாவை எடுத்தேன். உருண்டை இரண்டோடு நின்றுவிட்டது.

"எப்படி இருக்கு?" என்றாள். "அழகா இருக்கு" என்றேன். அது பொய்யில்லை.

ஆகஸ்ட் 11

போச்சு. ஒரு சளி வந்து மொத்தத்தையும் வாரிக்கிட்டுப் போச்சு. ரெண்டு மாசம் நாய் படாத பாடு பட்டது எதுக்கு? பதினெட்டு எண்ணினது எல்லாம் கனவா? அவகிட்ட எப்படிச் சொல்றது — மூணு கை வார்னிஷ் அடிச்சுக் கொடுத்திருக்கா.

ஆகஸ்ட் 13

விசில் போன் செய்தான். "அண்ணே, உங்க முதல் நடைக்கு நான்தான்னு இப்பவே சொல்லி வச்சுட்டேன்." சரிடா என்றேன். போனை வைத்துவிட்டு, இந்த நோட்டிலேயே ஒரு தாளைக் கிழித்து டிப்போவுக்குக் கடிதம் எழுதினேன். நாற்காலிக்குச் சம்மதம் என்று. மிஷினில் ஊதி, டாக்டர் முன்னால் தோற்று, அதற்குப் பிறகு அந்த நாற்காலியை வாங்குவானேன்?

ஆகஸ்ட் 14

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாரானேன். முகம் கழுவியபோதுதான் உதட்டைப் பார்த்தேன். காயம் ஆறிச் சுவடே இல்லை. நாலு நாளாக விழுந்து விழுந்து ஊதியிருக்கிறேன், உதடு ஏன் கீறவில்லை?

குழலை எடுத்து ஓரத்தைத் தடவினேன். வழவழப்பில் கரண்டிக் காம்பு தோற்றது.

கூப்பிட்டுக் கேட்டேன். "ஆமா, நான்தான்" என்றாள், முகம் நிறையப் பெருமையோடு. "உதடு கிழியுதேன்னு உப்புத்தாள மாத்தி மாத்திப் போட்டுத் தேய்ச்சேன். இப்பத் தொட்டுப் பாருங்க, பட்டு."

எனக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. இருமல் வந்தது. அப்புறம்தான் சொன்னேன், அந்த ஓரம் இல்லையென்றால் குழல் ஊமை என்று. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பையில் துருத்திய கடிதத்தை உருவிப் படித்தாள்.

"நாலு நாளா மூஞ்சி அப்படி இருந்தது இதுக்குத்தானா? வாயத் திறந்து ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்? இவருக்கு இவரே தீர்ப்பு எழுதிப் பையில வச்சுக்கிட்டுத் திரியிறாரு." கடிதம் நாலாகக் கிழிந்தது. எட்டாகவும் கிழிந்தது. பிறகு அரத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். "என் பாலீஷ் போனாப் போகுது. ராவுங்க."

முகமூடியையும் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 15

பிசிறாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. எண்ணினாள். இருபது.

ஆகஸ்ட் 22

எழுபத்தொன்று. டாக்டர் நம்பாமல் மறுபடி ஊதச் சொன்னார். எழுபத்தொன்று.

ஆகஸ்ட் 29

கடைசி நிறுத்தத்தில், ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். திரும்பிக் கிளம்பப் பன்னிரண்டு நிமிஷம். விசில் டீ குடிக்கப் போயிருக்கிறான். மேட்டில் ஏறும்போது கொஞ்சம் பயந்தேன். வண்டி பயப்படவில்லை.

தண்ணீர் பாட்டிலுக்காகப் பையைத் திறந்தால் உள்ளே துணியில் சுற்றி ஒரு புதுக் குழல். எப்போது செய்தாள் என்றே தெரியவில்லை. பழையதைவிட அழகு. ஐந்து துளைகளின் விளிம்பும் வழவழ, அடிமுனை வழவழ. மேலே அந்த ஓரம் மட்டும் கூராக, அரம் போட்ட கோடுகள் அப்படியே வெள்ளையாகத் தெரிகின்றன. வாய்ப்புறத்தை மூடிப் பேப்பர் டேப் ஒட்டி, அதில் பேனாவால் எழுதியிருக்கிறாள்:

"இங்க நான் தேய்க்கல. தேய்க்காம விட ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. உதட்டப் பாத்துக்கோங்க."

டேப்பை உரித்துவிட்டு, காலி பஸ்ஸுக்குள் ஒரு தடவை ஊதினேன். நானே எண்ணினேன். இருபத்து மூன்று எண்ணியபோது, கிளம்பச் சொல்லி இரண்டு விசில் கேட்டது.