நாளைக்கு ஃபுல்பேக் யார்?

13.10.1979, சனி

உடம்பெல்லாம் அசதி. தூக்கம்தான் வரவில்லை.

நாளைக்கு ஃபுட்பால் மேட்ச். கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற எங்கள் கிளப்பின் பழைய ஃபுல்பேக் இருவரில் ஒருவன் பம்பாய்க்குப் போய்விட்டான். இன்னொருவன் நான், முட்டி போய்விட்டது. புது ஆள் கேட்டு இன்று குருவிகுளம் வரை சைக்கிள் மிதித்தேன். அங்கே சேர்மத்துரையும் அவன் தம்பியும் நின்றால் பந்து தாண்டாது. கேட்டதும் சம்மதித்தார்கள்.

கிளம்பும்போது மூத்தவன் சொன்னான்: "வாரோம் அண்ணாச்சி. ராத்திரி மழை பெஞ்சா மட்டும் எங்கள எதிர்பாக்காதீய. விதைக்கணும்லா."

"ஒரு நாள் கழிச்சு விதைச்சா என்னலே?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் என்னையே பார்த்தான். எங்க அப்பாவும் மானாவாரியில் உளுந்து போட்டவர்தான். ஈரம் காத்திருக்காது என்று எனக்குத் தெரியாதா?

திரும்பி வரும்போது அவர்கள் ஊர்ப் பக்கம் மின்னியது. "இன்னைக்கு மட்டும் பெய்யாதே" என்று வாய்விட்டே சொன்னேன். கரிசல்காட்டில் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது?

இப்போது தகரத்தில் சடசடவென்று விழுகிறது. "ஏங்க, மழை வந்துட்டு!" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி சந்தோஷமாகச் சொல்கிறாள்.

"ஆமா, நல்ல மழை" என்றேன்.

என் பழைய பூட்ஸ் எங்கே கிடக்கிறதோ. காலையில் தேட வேண்டும்.