வால் இல்லாத வீரன்

பிப்ரவரி 3, திங்கள்

ஆறரைக்கு மகள் மாரெனைப் பள்ளியில் விட்டுவிட்டு ஏழு மணி ஷிப்டுக்கு ஓட்டம். நாள் முழுக்கக் காற்றாலை இறக்கையின் வார்ப்பு அச்சுக்குள் மண்டியிட்டுக் கண்ணாடி இழைத் துணி விரித்தேன். எண்பது மீட்டர் நீளத்தில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. வீட்டில் என் படுக்கை விரிப்பை மாற்றி மூன்று வாரம் ஆகிறது.

கறுப்பு ரொட்டியும் ஈரல் பேஸ்ட்டும் தின்றுகொண்டிருந்தபோது மாரென் தானாகவே வாயைத் திறந்தாள். ஆகஸ்டில் அவள் அம்மா லோனே எங்களைப் பிரிந்து ஆர்ஹுஸ் நகரத்துக்குப் போனதிலிருந்து, எட்டு வயதுப் பெண், நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம்.

“ஃபாஸ்டலாவ்னுக்கு நான் ஹெல்ட்.”

ஹெல்ட். வீரன். சரி, பிள்ளைகள் மாறுவேடம் போட்டு மிட்டாய்ப் பீப்பாயைத் தடியால் அடித்து உடைக்கிற பண்டிகை அன்றைக்கு வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் வருவார்கள். கடையில் வாங்கித் தருகிறேன் என்றேன்.

“கடையில வேணாம். நீ செய்யணும்.”

நானா? பட்டன் அறுந்தால் சட்டையையே தூக்கிப் போடுகிறவன் நான். அதையெல்லாம் லோனேதான் செய்வாள். சரி என்று சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 5, புதன்

குடும்ப விவகார அலுவலகத்திலிருந்து கடிதம். மார்ச் ஐந்தாம் தேதி பத்து மணிக்கு ஒரு அம்மாள் மாரெனிடம் தனியாகப் பேசுவாராம். கோடை விடுமுறைக்குப் பிறகு அவள் இருக்கப்போவது இங்கேயா, ஆர்ஹுஸிலா என்று. அவள் வாயிலிருந்து வருவதற்கு மதிப்பு கொடுப்பார்களாம். அதுவரை நாங்கள் யாரும் அவளைக் கேட்கக் கூடாது, தூண்டக் கூடாது.

லோனே கெட்டவள் இல்லை. அதுதான் சிரமம். அவள் வீட்டில் ஜன்னலில் பூச்செடி இருக்கிறது. சிரிக்கிற ஆட்கள் வந்து போகிறார்கள். இங்கே? சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிற ஒரு ஆள். நானே குழந்தையாக இருந்தால் எங்கே போவேன்?

பிப்ரவரி 8, சனி

தாளும் பென்சிலுமாக மாரென் முன்னால் உட்கார்ந்தேன். வேலைக்கு முன்னால் அளவு எழுதிக்கொள்வதுதானே முறை.

“என்ன நிறம்?”

“வெள்ளி. முதுகு மட்டும் கரும்பச்சை.”

முதுகில் மேலங்கி, குறித்துக்கொண்டேன். அவனுக்கு என்ன சக்தி என்று கேட்டேன். என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தாள்.

“கையில நிக்காது. நழுவிடும்.”

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். யார் கையிலிருந்து நழுவ வேண்டுமாம்? என்னிடமிருந்தா? அதை மட்டும் தாளில் எழுதவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

கார் கண்ணாடியில் வெயிலுக்கு வைக்கிற வெள்ளி விரிப்பு, நான்கு. ஜன்னல் திரைக்கான பச்சைத் துணி. பசை, ஊசி. கடைக்காரன், “பிப்ரவரியில இங்க வெயில் எங்கடா பார்த்த?” என்றான்.

பிப்ரவரி 13, வியாழன்

என்னோடு ஒரே அச்சில் வேலை பார்க்கிற கிர்ஸ்டன் மதிய இடைவேளையில் பையைப் பிடுங்கிப் பார்த்தாள். கால்சட்டையை விரித்துப் பிடித்தாள்.

“யெப்பே, காலை எந்தப் பக்கம் விடணும்?”

இரண்டு காலின் வாயையும் நான் தைத்து மூடியிருந்தேன். மேசையில் இருந்த பத்துப் பேருக்கும் ஒரு வாரத்துக்குத் தீனி கிடைத்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. சாப்பிட்டு முடித்ததும் கிர்ஸ்டனே உட்கார்ந்து தையலைப் பிரித்துக் கொடுத்தாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மழை. மாரென் லோனேயிடம் போயிருக்கிறாள். வீடு அமைதியாக இருந்தால் தூங்கலாம் என்றுதான் வாரம் முழுக்க நினைத்தேன், தூக்கம் வரவில்லை. படகுக் கொட்டகையில் உட்கார்ந்து வேலை செய்தேன். அங்கேதான் உடையை ஒளித்து வைத்திருக்கிறேன்.

கவிழ்த்து வைத்த படகைப் பார்த்ததும் அக்டோபர் நினைவு. வருடத்தின் கடைசி வலை. நல்ல கனமான மீன் ஒன்று என் இரண்டு கையிலிருந்தும் துள்ளி, கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டு, காயலுக்குள் போய்விட்டது. நான் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. மாரெனுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது, கரை சேரும் வரை நிற்கவில்லை. அதற்குப் பிறகு நான் சிரித்தேனா? ஒப்புக்குச் சிரித்ததெல்லாம் கணக்கில்லை.

பிப்ரவரி 19, புதன்

லோனே போனில், “எதுக்கு இவ்வளவு கஷ்டப்படுற யெப்பே? எல்லாக் கடையிலயும்தான் தொங்குது, ஒண்ணை எடுத்துக் கொடேன்.” நல்ல மனசோடுதான் சொன்னாள். நான் சிடுசிடுத்தேன். பிறகு மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். பதிலுக்குக் கட்டை விரல் ஒன்று வந்தது.

பிப்ரவரி 22, சனி

ஊசி எனக்கு உதவாது என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். துண்டு மேல் துண்டாக, பாதி ஏறினாற்போல, கீழிருந்து மேலே அடுக்கி ஒட்டுவது. இறக்கை செய்வது அப்படித்தான். வெள்ளி விரிப்பைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, மாரெனின் பழைய நீச்சலுடையின் மேல் அடுக்கினேன். இருநூறு துண்டு இருக்கும். குனிந்தால் மடங்குகிறது, நிமிர்ந்தால் படிகிறது. கவசம்.

படமெடுத்துக் கிர்ஸ்டனுக்கு அனுப்பினேன். “மோசம்னு சொல்ல முடியாது” என்று பதில். இந்த மேற்குக் கரையில் அதற்கு மேல் யாரும் யாரையும் பாராட்டியதில்லை. மூன்று தடவை எடுத்துப் படித்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

முகமூடி. நெஞ்சில் ‘எம்’ எழுத்து. மேலங்கி. முடிந்தது. ஆறு மணிக்கே படுத்துவிட்டேன், மாரென் தானாகவே ரொட்டி எடுத்துத் தின்றிருக்கிறாள். வெட்கக்கேடு.

பிப்ரவரி 27, வியாழன்

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

நாளைக்குப் பள்ளியில் பீப்பாய். நாலரை மணிக்குக் கொட்டகைக்கு அவளைக் கூட்டிப்போனேன். படகின் மேல் உடையை விரித்து வைத்திருந்தேன். சுற்றிவந்து பார்த்தாள். நெஞ்சுத் துண்டுகளை விரலால் தடவினாள்.

“செதில் சரியா இருக்கு.” உடையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். “வால் எங்க?”

“வீரனுக்கு எதுக்கும்மா வால்?”

“எந்த வீரன்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹெல்ட். எங்கள் காயல் மீனுக்கும் அதே பெயர்தானே. வெள்ளி உடம்பு, கரும்பச்சை முதுகு, கையில் நிற்காது. வேறு எந்த ஊர்த் தகப்பனாக இருந்தாலும் வீரன் என்றுதான் எடுத்துக்கொள்வான், அவனைக் குறை சொல்ல முடியாது. நானோ இந்தக் கரையில் பிறந்தவன். பிறந்ததிலிருந்து அந்த மீனைத் தின்கிறவன். மூணு வாரம்டா யெப்பே. மூணு வாரம் எதிர்ல உட்கார்ந்திருந்த புள்ளை என்ன சொல்லுதுன்னு உனக்குக் காதுல ஏறல. இந்த லட்சணத்துல அஞ்சாம் தேதி அவ உன்னைச் சொல்லுவாளா?

மீன் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“சொன்னேனே. ஹெல்ட்னு.” படகைக் காட்டினாள். “உன் கன்னத்துல அறைஞ்சுட்டுப் போச்சே, அது. அன்னிக்கு நீ சிரிச்ச.”

நான் வலைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அவள் முன்னால் அழக் கூடாது என்று ஆறு மாதமாக வைராக்கியமாக இருந்தவன், மீனுக்காக அழுகிறேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேலங்கியை வெட்டி வால் செய்துவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். சட்டென்று கையைப் பிடித்தாள்.

“அதை வெட்டாதப்பா. அதுவும் இருக்கட்டும். வால் தனியா செய்வோம்.”

மிச்சமிருந்த விரிப்பில் அவள் வரைந்தாள், நான் வெட்டினேன். ஏழரைக்குள் முடிந்தது. வால் கொஞ்சம் இடப்பக்கம் சாய்கிறது.

பிப்ரவரி 28, வெள்ளி

விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். செதில் உடம்பு, வால், முகமூடி, பறக்கிற மேலங்கி. பெரிய வகுப்புப் பையன் ஒருவன், “நீ என்ன, மீனா, சூப்பர் ஹீரோவா?” என்று சீண்டினான்.

“சூப்பர்ஹெல்ட்” என்றாள் மாரென்.

சூப்பர் ஹீரோவுக்கு எங்கள் வார்த்தை அதுதான். அவன் ஒரு நொடி யோசித்தான். அப்பன் மீன்காரனாக இருக்க வேண்டும், விழுந்து விழுந்து சிரித்தான். விஷயம் ஒவ்வொரு பெற்றோராகப் பரவி என்னிடமே திரும்பி வந்தது. பீப்பாயை வேறு யாரோ உடைத்தார்கள். உடைக்கான பரிசு ஒரு டிராகனுக்குப் போனது, கடையில் வாங்கிய டிராகன். மாரென் மூன்று தடவை குட்டிக்கரணம் போட்டும் ஒரு செதில் உதிரவில்லை. இதை மட்டும் பெருமையாக எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

ஃபாஸ்டலாவ்ன் காலையில் குச்சியால் அடித்துப் பெற்றோரை எழுப்புவது பிள்ளைகளின் உரிமை. போன வருடம் வரை லோனே பக்கம்தான் அடி விழும். இன்று ஏழு மணிக்கு முதுகில் சுள்ளென்று. கண்ணைத் திறந்தால், வண்ணக் காகிதம் கட்டிய குச்சியும் கையுமாக ஒரு மீன்.

“எழுந்திருப்பா. கிரீம் பன் வாங்கப் போகணும்.”

நல்ல வலி. சிரித்தேன். அவள் அதைக் கவனித்ததை நானும் கவனித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

நாளைக்கு. எதையும் கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

மார்ச் 5, புதன்

நாற்பது நிமிடம். நான் அலுவலகத் தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். லோனே எதிரில். இரண்டு பேரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு திறந்தது. அந்த அம்மாள் எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார், முடிவைக் கடிதத்தில் எழுதுவதாகச் சொன்னார். லோனே மாரெனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போனாள். கண் சிவந்திருந்தது. எதனால் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கிற உரிமையும் இல்லை.

காரில் கிளம்பினோம். காயல் கண்ணில் பட்டதும் மாரென் சொன்னாள்:

“அப்பா, படகு பூட்ஸ் எனக்கு இறுக்குது. அக்டோபருக்குச் சேராது.”

புதிது வாங்கலாம் என்றேன். அக்டோபர் வருவது கோடை விடுமுறைக்குப் பிறகு.

கொஞ்சம் யோசித்தாள். “ரெண்டு சைஸ் பெருசா வாங்கு.”