நீலத்தின் மேல் ஒரு பெயர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நலம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போன் இருக்க இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், உன் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். போன மாதம் அதுதானே நடந்தது. அன்றைக்கு நீ ஒன்று சொன்னாய், எங்கள் நினைப்பு வந்தால் மேப் ஆபீஸ்காரர்கள் எல்லாருக்கும் பொதுவாகப் போட்டு வைத்திருக்கும் வரைபடத்தைப் போனில் திறந்து நம் மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று. நீ இன்னும் கால் வைக்காத வீடு இது, மேலே இருந்து மட்டும் பார்க்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். அந்த வரைபடத்தில் நம் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெயர் வரும் போல இருக்கிறது. என் வாயால் சொல்வதற்கு முன் நீ அதைத் தனியாக உட்கார்ந்து பார்த்துவிடக் கூடாது.

தம்பி தண்ணீரில் போனான் என்று உனக்குத் தெரியும், ஏன் அங்கே போனான் என்று யாரும் உனக்கு முழுசாகச் சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தெம்பு இல்லை. அது ஏரி இல்லை அம்மா. யாரோ கல் உடைத்து எடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன குழி, மழைத் தண்ணீர் நிரம்பி நிற்கிறது, ஓரத்தில் ஒரு கால் வைத்தால் அடுத்த காலுக்குத் தரை கிடையாது. அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் அங்கே கை கழுவக்கூடப் போக மாட்டார்கள். நாம் புதுக் குடியிருப்புக்காரர்கள், நமக்குப் போன் காட்டுவதுதான் ஊர். வரைபடத்தில் அது நல்ல நீலமாக, சுற்றிலும் பச்சையாக, பார்த்தாலே இறங்கிக் குளிக்கலாம் என்று தோன்றுகிற மாதிரி இருக்கிறது. விமானத்தில் எடுத்த படத்தைப் பார்த்து வரைகிறார்களாம். மேலே இருந்து பார்த்தால் தண்ணீர் தெரியும், ஆழம் எங்கே தெரியும். வெயிலுக்கு எங்கே போகலாம் என்று நண்பர்களோடு போனைத் தடவிக்கொண்டிருந்தவன் கண்ணில் அதுதான் பட்டது. வீட்டுப் பக்கத்துலயே ஏரி இருக்கு, யாருமே சொல்லலையேம்மா என்று என்னிடம் துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனான். நான்தான் கொடியில் இருந்து எடுத்துக் கொடுத்தேன்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு அந்த மேப் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். உன் சித்தி, அங்கே போய் என்ன ஆகப்போகுது, வீட்டை மாத்துங்க என்றாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் வீட்டை மாற்றினால் போதும். ஆபீஸ் ஒன்றும் பயப்படுகிற இடம் இல்லை. கீழே பொதுமக்களுக்கென்று பெரிய ஹால், சுவர் அளவுக்குத் திரை, யார் வேண்டுமானாலும் போய்த் தன் தெருவைத் தேடிப் பார்க்கலாம், வேண்டிய இடத்தை அச்சடித்து வாங்கி வரலாம். கவுண்டரில் உன் வயசுப் பெண் ஒருத்தி. அந்த நீலத்தை அழிச்சிடு தாயி என்றுதான் முதலில் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. சாலை, வீடு, தண்ணீர் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அடுக்காக இருக்கிறது என்று எடுத்து எடுத்துக் காட்டினாள், நான் துணி வெட்ட வைத்திருக்கும் மெல்லிசுத் தாள்களை ஒன்றின் மேல் ஒன்று பரப்பின மாதிரி. தண்ணி இருக்கிற இடத்துல தண்ணி இல்லன்னு எங்களால போட முடியாதும்மா, குவாரின்னு மாத்தலாம், ஆனா அதைச் சுரங்கத் துறை எழுதித் தரணும் என்றாள். அங்கே போய்க் கேட்டால், அந்த இடத்தில் குவாரிக்கு அனுமதியே கொடுத்தது கிடையாது, அதனால் அங்கே குவாரியே இருந்தது கிடையாது என்கிறார் ஒரு மகாராசன். என் பிள்ளையை விழுங்கின குழி இல்லவே இல்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் மேஜை மேல் இருந்த பூந்தொட்டி தப்பித்ததே பெரிசு.

கடைசியில் அந்தக் கவுண்டர் பெண்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு இடத்துக்கு அக்கம்பக்கத்து மக்கள் என்ன பெயர் சொல்கிறார்களோ அதை அப்படியே வரைபடத்தில் போட வேண்டும் என்று அவர்களுக்கு விதி இருக்கிறதாம், அதற்கு எந்தத் துறையும் கையெழுத்துப் போட வேண்டாம். ஆள் அனுப்பி விசாரித்தார்கள். பங்சர் கடைக்காரர், பால்காரர், செங்கல் சூளைப் பெண்கள் என்று தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்களாம். சுருட்டைப் பள்ளம். ஆமாம், நம் சுருட்டைதான். அன்றைக்கு அவன் நண்பர்கள் கரையில் நின்றுகொண்டு அந்தப் பெயரைத்தான் இருட்டும் வரை கத்தியிருக்கிறார்கள். அந்த ஜனங்களுக்கு அவன் நிஜப் பெயர் தெரியாது, முகம் தெரியாது, காதில் விழுந்தது அது ஒன்றுதான். அதற்கு முன்னால் அந்த இடத்துக்குப் பெயரே கிடையாது. சின்ன வயசில் அவன் தலையில் சிக்கெடுக்கப் போய்ச் சீப்பை உடைத்துவிட்டு, கோபத்தில் நீ வைத்த பெயர் அது. அதனால்தான் உன்னிடம் கேட்காமல் எனக்குச் சரி என்று சொல்ல மனசு வரவில்லை.

வெறும் பள்ளம் என்று போடக் கூடாதா என்று கேட்டேன். ஜனங்க சொல்ற பேரைப் பாதியா வெட்ட முடியாதும்மா, போட்டா முழுசா போடணும், குடும்பத்துல யாராவது ஆட்சேபணை சொன்னா நிறுத்திடுவோம் என்றாள். நிறுத்தினால் பழையபடி வெறும் நீலம்தான், அது பள்ளம் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. உன் அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அவனைக் கொன்ன குழிக்கு அவன் பேரையே வைப்பாங்களா, நாளைக்கு அதைச் சொல்லித்தான் வழி கேப்பானா ஒவ்வொருத்தனும் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. ஆட்சேபணையை எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். லீவு நாள் வந்தால் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கரையில் உட்கார்ந்துவிடுவார், வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப. வருகிறார்கள் அம்மா, இன்னமும் வருகிறார்கள், குழந்தைகளைக்கூடக் கூட்டிக்கொண்டு. மேப்ல ஏரியாத்தானே அங்கிள் இருக்கு என்று இவரிடமே போனைக் காட்டுகிறார்களாம்.

போன வாரம் டியூட்டியில் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு அந்தக் குழிக்குப் பக்கத்தில் இருக்கிற கடைசி ஸ்டாப்புக்குப் போயிருக்கிறார். நாலைந்து பையன்கள் தோளில் துண்டோடு இறங்கி, ஏரிக்கு எந்தப் பக்கம் டிரைவர் என்று இவரிடமே கேட்டிருக்கிறார்கள். ஜனங்கள் உட்கார்ந்திருந்த பஸ்ஸை அப்படியே விட்டுவிட்டு, இறங்கி அவர்களுக்கு முன்னால் நடந்து போய், குழிக்குக் குறுக்கே கையை விரித்து நின்றிருக்கிறார். அவர்கள் திட்டிவிட்டுத் திரும்பிப் போகும் வரை நகரவில்லையாம். கண்டக்டர் எனக்குப் போன் பண்ணினார். டிப்போவில் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துவிட்டார்கள், அது ஒரு பக்கம் கிடக்கிறது. மறுநாள் காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், நான் எத்தனை நாள் அங்க போய் நிக்க முடியும், இனிமே அவனே நிக்கட்டும் என்று. சட்டைப் பையில் இருந்த காகிதத்தை எடுத்து என் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது மிச்சம் இருப்பது நீதான். உனக்குத் தாங்காது என்றால் தயங்காமல் எழுது, நானே போய் நிறுத்திவிட்டு வருகிறேன், உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். உன் பதில் வரும் வரை அந்தப் பெண் பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். சரி என்று தோன்றினால் அதையும் நீயே உன் கையால் எழுது. ராத்திரி வேலை முடித்து வந்தால் சாப்பிடாமல் படுத்துவிடாதே, இருமல் இருந்ததே, மருந்தைப் பாதியில் விடாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், பிள்ளை நல்லவர், அவரிடம் எரிந்து விழாதே. நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுசோடு, ஒருவருக்கொருவர் துணையாக, எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இப்போதைக்கு எனக்கு வேண்டுவதும் அது ஒன்றுதான். பெயர் வந்தால், முதல் தடவை பார்க்கும்போது அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். அப்புறம் லீவு கேள். தம்பி காரியத்துக்கு வர அன்றைக்கு லீவு கொடுக்காதவர்கள் இன்றைக்காவது கொடுப்பார்கள். ஒரு தடவை வீட்டுக்கு வந்துவிட்டுப் போ அம்மா, மேலே இருந்து பார்த்தது போதும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா