குதிரைக்கு வியர்க்கவில்லை

லிங்கன் கவுண்டி, ஓக்லஹோமா
2 ஏப்ரல் 1974

அன்பு மகன் ரேமண்டுக்கு அம்மா எழுதுவது.

முதலில் பிள்ளைகள் சேதி. உன் அக்கா ஆக்னஸின் மூத்தவள் ரோசலி நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாள். அவள் தம்பி லெனர்ட் வளர்த்த கன்றுக்குட்டிக்குக் கண்காட்சியில் முதல் பரிசு. அந்த நீல ரிப்பனைக் கழற்றாமல் மாதாகோயிலுக்கும் வந்துவிட்டான். கடைக்குட்டி டெனிஸ் ஐம்பது மாநிலங்களையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். உன் மகள் சூசன் நீச்சலில் ஜெயித்ததைத் தபால்காரர் வரைக்கும் சொல்லியாயிற்று. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுப் பருத்தி பொறுக்கப் போனவளுடைய பேரப்பிள்ளைகள் இவர்கள். பெருமைப்பட எனக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

22ஆம் தேதி டெனிஸ் பள்ளியில் நிலம் பிடிக்கும் ஓட்டம். வழக்கம்போல மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அட்டைப்பெட்டி வண்டியோடு வரிசையில் நிற்பார்கள். மணி அடித்ததும் ஓடிப்போய்க் கொடி நட்ட இடம் அவரவருக்கு. மணிக்கு முந்தி ஓடினால் ஒரு அடிகூடக் கிடையாது என்று டீச்சர் மிஸ் ஹாஸ்கல் விதி போட்டிருக்கிறாள். பொஹீமியாவிலிருந்து கப்பலேறி வந்த உன் தாத்தா, முந்தி ஓடிப் பிடிப்பவருக்கே நிலம் என்று அரசாங்கம் நடத்திய 1891 ஓட்டத்தில் இந்தப் பண்ணையை ஜெயித்த கதையைச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

பிள்ளைகளிடம் நிஜத்தைச் சொல்லப் போகிறேன். உன் தாத்தா ஓடவே இல்லை. ஓட்டத்துக்கு முதல் நாளே ஓடைக்கரைப் புதரில் ஒளிந்திருந்தார். மதியம் துப்பாக்கி வெடித்ததும் குதிரை மேல் சோப்பு நுரையைப் பூசினார், தூரத்திலிருந்து ஓடி வந்து வியர்த்த மாதிரி. உன் பாட்டி சாகும் முன் என்னிடம் சொன்னது. வாளியில் சோப்பைக் கரைத்ததே அவள்தான்.

உன் அம்மா,
ஒட்டிலி

டல்சா
9 ஏப்ரல் 1974

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதமும் நீங்கள் பழம் வைத்துச் சுட்ட கோலாச் ரொட்டியும் வந்தன. சூசன் ஒரே மூச்சில் நான்கு தின்றாள்.

அந்தக் கதை வேண்டாம் அம்மா. பண்ணை வாசலில் வைக்கத் தாத்தா பெயரில் கல் வெட்டக் கொடுத்திருக்கிறேன்: ‘மத்தேய் குசேரா ஓடி வென்ற நிலம்’. ஜூனில் திறப்பு. அலுவலகத்திலிருந்து இருபது பேரைக் கூப்பிட்டுவிட்டேன். எண்பது வருஷத்துக்கு முந்தின சோப்பு எட்டு வயசுப் பிள்ளைகளுக்கு எதற்கு? அன்றைக்கு எல்லாரும்தான் அப்படிச் செய்தார்கள். நீங்கள் சொன்னால் நான் ஜூனில் வரமாட்டேன். அதற்குப் பிறகும் வருவேனா தெரியாது.

ரேமண்ட்

லிங்கன் கவுண்டி
24 ஏப்ரல் 1974

ரேமண்டுக்கு,

சொல்லிவிட்டேன்.

எல்லாரும்தான் செய்தார்கள் என்று எழுதியிருந்தாய். துப்பாக்கி வெடிக்கும்வரை கோட்டிலேயே நின்றவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஓடைக்கரை கிடைக்கவில்லை, செம்மண் மேடுதான் கிடைத்தது.

சோப்பு என்றதும் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். முன்வரிசைப் பையன் எழுந்து, “அப்ப டீச்சர் விதிப்படி உங்களுக்கு நிலம் கிடையாதே பாட்டி” என்றான். “கிடையாதுதான்டா. ஆனா அன்னைக்கு உங்க டீச்சர் அங்க இல்லையே” என்றேன்.

அப்புறம் லொரேனா என்று சாக் என்கிற செவ்விந்திய இனத்துப் பெண், டெனிஸ் பக்கத்தில் உட்காருகிறவள், கை தூக்கினாள். “எங்க பாட்டியோட பாட்டி வீடு அந்த ஓடைக்கிட்டதான் இருந்துச்சாம். நாங்க எத்தனை மணிக்கு ஓடணும்?”

“தெரியலடி கண்ணு. இத்தனை வருஷமா நான் அதக் கேட்டதே இல்ல” என்றேன். மிஸ் ஹாஸ்கல் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் கோட்டில் நிறுத்தினாள்.

மணி அடித்தது. லொரேனா ஓடவில்லை. டெனிஸும் தன் வண்டியைக் கோட்டிலேயே போட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்துகொண்டாள். ஐம்பது மாநிலங்களை ஒப்பித்ததைவிட எனக்கு இதுதான் பெரிது. பிள்ளைகள் சேதியில் இதையும் சேர்த்துக்கொள்.

கல்லைக் கட்டாயம் வைப்பதென்றால் ‘ஓடி வென்ற’ என்பதைச் செதுக்கி எடுத்துவிட்டுக் கொண்டு வா. இல்லாவிட்டால் என் வாசலில் ஒரு குழிகூடத் தோண்ட விடமாட்டேன். பண்ணை இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. நீ வருவதும் வராததும் உன் பாடு. கோலாச் ரொட்டி மட்டும் எப்போதும்போல வந்து சேரும்.

கூடத்தில் மாட்டியிருந்த, ஓட்டத்தன்று எடுத்த தாத்தாவும் குதிரையும் படத்தை மிஸ் ஹாஸ்கலிடம் கொடுத்தாயிற்று. பிள்ளைகள் பூதக்கண்ணாடி வைத்துக் குதிரைக் கழுத்து நுரையைப் பார்க்கிறார்கள். சட்டம் மட்டும் இங்கே காலியாகத் தொங்குகிறது. சூசன் நீந்தி முடித்துக் கரையேறும்போது புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடு. தலை துவட்டும் முன்னே எடு. நனைந்தது நனைந்தபடி தெரியட்டும்.

அம்மா